வெங்காயத் தோல் முதல் தூங்குமூஞ்சி மரம் வரை: செடிக்குள் தண்ணீர் போகும் வழியைக் கையால் செய்து பார்த்துக் கற்கலாம்

செல் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பாடப்புத்தகத்தில் பார்த்த அந்த வண்ணப் படம்தான். ஒரு பெட்டி, உள்ளே ஓர் உருண்டை, சுற்றிலும் பதினைந்து கோடுகள், கோட்டுக்கு ஒரு பெயர். அதைப் பார்த்து வரைந்து மதிப்பெண்ணும் வாங்கியிருப்போம். ஆனால் வாடிப்போன கீரைக்கட்டைத் தண்ணீரில் நிறுத்தி வைத்தால் கொஞ்ச நேரத்தில் ஏன் நிமிர்ந்துகொள்கிறது, மிளகாய்ச் செடிக்கு ஒரு பிடி யூரியா கூடுதலாக விழுந்தால் ஏன் கருகுகிறது, தசையே இல்லாத தொட்டாற்சிணுங்கி எப்படி மடங்குகிறது என்று யாராவது கேட்டால் அந்தப் படம் கை கொடுப்பதில்லை. இந்த மூன்று கேள்விக்கும் பதில் ஒன்றுதான்.

அந்தப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தச் செல்லும் தண்ணீரைப் பிடித்துத் தள்ளுவதில்லை. அது உப்பையோ சர்க்கரையையோ இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றுகிறது, தண்ணீர் அதன் பின்னாலேயே போகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது. மீதிப் பாதி, தண்டுக்குள் தண்ணீர் மேலே ஏறுவது. அதன் கதை வேறு, அதற்கும் வருவோம்.

பதினொன்றாம் வகுப்பில் தாவரவியல் எடுத்தவர், பல வருடம் கழித்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்திருக்கும் அம்மா அப்பா, மாடித்தோட்டம் இப்போதுதான் போட ஆரம்பித்தவர், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வேண்டியவை: ஒரு பெரிய வெங்காயம், ஒரு பீட்ரூட், உப்பு, சிவப்பு மை, ஒரு காசித்தும்பைச் செடி, ஒரு பிடி பச்சைப்பயறு. நுண்ணோக்கி இருந்தால் நல்லது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் அவர் குழுவும் உருவாக்கி 2014-இல் வெளியிட்ட ஃபோல்டுஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும், இங்கே சொல்லும் பெரும்பாலான வேலைகளுக்கு அது போதும். எதுவும் கிடைக்காவிட்டாலும் நிறுத்த வேண்டாம், பாதிக்கு மேல் வெறும் கண்ணாலேயே பார்க்கக்கூடியவைதான்.

முதலில் வெங்காயம்

வெங்காயத்தை நான்காக வெட்டி, தடித்த இதழ் ஒன்றைத் தனியே எடுங்கள். உள்வளைவுப் பக்கத்தில் நகத்தால் லேசாகக் கிள்ளி இழுத்தால் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு தோல் உரிந்து வரும். கண்ணாடி ஸ்லைடில் முதலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், அப்புறம்தான் தோலை வைக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் தோல் சுருண்டுகொண்டு பாடாய்ப் படுத்தும். ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும் சாஃப்ரனின் சாயம் ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிடம் கழித்துக் கழுவிவிட்டு, கவர் ஸ்லிப்பை ஒரு பக்கம் ஊன்றி மெதுவாகச் சாய்த்து மூடுங்கள். நேராக மேலிருந்து போட்டால் காற்றுக்குமிழி மாட்டிக்கொள்ளும், அப்போது கருப்பு விளிம்போடு வட்டவட்டமாகத் தெரிவதைப் பார்த்து "செல் தெரிகிறது" என்று புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அது காற்று.

செல்கள் செங்கல் சுவர் மாதிரி நீளநீளமாக, ஒன்றோடொன்று ஒட்டித் தெரியும். ஒவ்வொன்றிலும் சிவப்பாக ஒரு புள்ளி, அதுதான் உட்கரு. இப்போது கவனமாகப் பாருங்கள், அந்தப் புள்ளி பெரும்பாலும் நடுவில் இருக்காது, சுவரோரமாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஏன் என்று கேட்டுக்கொள்வதுதான் இந்தப் படியின் பயன். நடு இடத்தை முழுக்கப் பிடித்துக்கொண்டிருப்பது வாக்குவோல் என்கிற பெரிய தண்ணீர்ப் பை. உப்பு, சர்க்கரை, அமிலம், நிறம் எல்லாம் கரைந்து கிடக்கிற பை. முதிர்ந்த தாவரச் செல்லின் பெரும்பகுதி இதுதான். மற்ற எல்லாம், உட்கரு உட்பட, இந்தப் பைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள மெல்லிய சந்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன.

ராபர்ட் ஹூக் 1665-இல் தக்கையைச் சீவிப் பார்த்துவிட்டு "செல்" என்று பெயர் வைத்தபோது அவர் கண்டது வெறும் சுவர்களை மட்டும்தான், தக்கை செத்துப்போன செல்களால் ஆனது. உட்கருவுக்கு அந்தப் பெயர் வந்தது 1831-இல், ராபர்ட் பிரௌன் ஆர்க்கிட் செடியின் தோலைப் பார்த்துச் சொன்ன பிறகு. இடையில் 166 வருடம். நீங்கள் இரண்டையும் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டீர்கள்.

வெங்காயத்தில் பச்சை இல்லையே என்றால், மண்ணுக்குள் வெளிச்சமில்லாமல் இருக்கும் இதழுக்குப் பசுங்கணிகம் எதற்கு? அதைப் பார்க்க வேண்டுமானால் மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் ஹைட்ரில்லாவின் ஓர் இலையை அப்படியே ஸ்லைடில் வைத்து 400 மடங்கில் பாருங்கள். பச்சை மணிகள் சுவரோரமாக ஊர்ந்து போவது தெரியும், அந்த மெல்லிய சந்தில் சைட்டோபிளாசம் என்ற செல்லின் கூழ் ஓடிக்கொண்டே இருப்பதால்தான் அப்படி. மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம், கோல்கை இவற்றையெல்லாம் வீட்டு நுண்ணோக்கியில் பார்க்க முடியாது. இப்போதைக்கு மைட்டோகாண்ட்ரியா சர்க்கரையை உடைத்து ஏடிபி என்ற ஆற்றல் பொருளைச் செய்கிறது, அதற்கு ஆக்சிஜன் வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் மிளகாய்ச் செடி சாகும்போது தேவைப்படும்.

பீட்ரூட் காட்டும் சவ்வு

செல்சுவரையும் செல்சவ்வையும் ஒன்றாக நினைத்துக் குழம்பாதவர்களை நான் பார்த்ததில்லை. உர மூட்டையைப் பார்த்திருப்பீர்கள். வெளியே சாக்கு, உள்ளே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறை. சாக்கு வடிவத்தையும் பலத்தையும் கொடுக்கிறது, ஆனால் தண்ணீரை ஊற்றினால் ஒழுகிவிடும். உள்ளே உள்ள உறைதான் எதையும் உள்ளே விடுவதும் நிறுத்துவதும். செல்லுலோசால் ஆன செல்சுவர் சாக்கு, சவ்வு அந்த உறை. வித்தியாசம் என்னவென்றால், இந்த உறையில் ஆளுக்கொரு வாசல் உண்டு.

இதைக் கண்ணால் பார்க்க பீட்ரூட்டைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை. சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சதுரத் துண்டுகளாக நறுக்குங்கள். நறுக்கியதும் சிவப்பு ஒழுகும், கத்தி வெட்டிய செல்களின் நிறம் அது, அதனால் குழாய்த் தண்ணீரில் நிறம் வராத வரை நன்றாக அலசுங்கள். இந்த அலசலை விட்டுவிட்டால் சோதனையே வீண். மூன்று கண்ணாடி டம்ளர்: ஒன்றில் சாதாரணத் தண்ணீர், இன்னொன்றில் கை வைக்க முடியாத சூட்டில், அதாவது 70 டிகிரி போல, வெந்நீர். மூன்றாவதிலும் சாதாரணத் தண்ணீர்தான், ஆனால் அதில் போடும் துண்டை முந்தின நாள் இரவு ஃப்ரீசரில் வைத்து எடுத்திருக்க வேண்டும்.

அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். முதல் டம்ளர் ஏறக்குறைய தெளிவாக இருக்கும், மற்ற இரண்டும் ரத்தச் சிவப்பு. சுவருக்கு எந்த டம்ளரிலும் பெரிய சேதம் இல்லை. வெந்நீரில் சவ்வின் புரதங்கள் குலைந்தன, ஃப்ரீசரில் பனிப்படிகங்கள் சவ்வைக் கிழித்தன. பீட்டாலெய்ன் என்ற அந்தச் சிவப்பு நிறம் வாக்குவோலுக்குள் இருக்கிறது, வெளியே வர வாக்குவோலின் சவ்வு, செல்சவ்வு என்று இரண்டைத் தாண்ட வேண்டும். உயிரோடு இருக்கும் வரை அவை விடவில்லை. வெறும் 7 அல்லது 8 நானோமீட்டர் தடிமன், ஒரு மில்லிமீட்டருக்குள் இப்படி ஒரு லட்சத்துக்கும் மேல் அடுக்கலாம், அத்தனை மெல்லியது நிறத்தை அரை மணி நேரம் பிடித்து நிறுத்தியிருக்கிறது. இதை முதல்முறை பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மெய் சிலிர்த்தது.

சவ்வு என்பது இரட்டை அடுக்கில் அமைந்த கொழுப்புப் படலம், அதில் புரதங்கள் மிதக்கின்றன. 1972-இல் சிங்கர், நிக்கல்சன் இருவரும் முன்வைத்த இந்தப் படிமம்தான் இன்றும் அடிப்படை. ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு போன்ற சின்ன வாயுக்கள் கொழுப்பின் ஊடே நேரடியாகப் போய்விடும். தண்ணீர் கொஞ்சம் நேரடியாகவும், பெருமளவு அக்வாபோரின் என்ற புரதக் குழாய் வழியாகவும் போகும். பீட்டர் ஆக்ரே 1992-இல் அந்தக் குழாயின் வேலையை நிரூபித்தார், 2003-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பொட்டாசியம், சோடியம், நைட்ரேட் போன்ற மின்னூட்டம் உள்ளவை தங்களுக்கென்று புரத வாசல் இல்லாமல் நுழையவே முடியாது. அந்த வாசல் செல்லின் கையில் இருக்கிறது. அதனால்தான் "உப்பை நகர்த்து, தண்ணீர் வரும்" என்ற வித்தை நடக்கிறது.

உப்பு போட்டால் தண்ணீர் ஏன் வெளியே வருகிறது

மாவடு போடும் வீட்டில் சவ்வூடு பரவல் பாடம் தனியாகத் தேவையில்லை. வடுவில் கல் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே இரண்டு மூன்று நாளில் ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கும், வடு சுருங்கியிருக்கும். அந்தத் தண்ணீர் காயின் செல்களிலிருந்து வந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. "அடர்த்தி அதிகமான இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு" என்று மனப்பாடம் செய்தவர்கள், எதன் அடர்த்தி என்று கேட்டால் திணறிவிடுகிறார்கள், தண்ணீருடையதா உப்பினுடையதா என்று தெரியாமல் தேர்வில் தலைகீழாக எழுதுகிறார்கள். அந்த வாக்கியத்தையே விட்டுவிடுங்கள். கரைபொருள் எங்கே அதிகமோ அங்கே தண்ணீர் போகும், நடுவில் உள்ள சவ்வு கரைபொருளை விடாமல் தண்ணீரை மட்டும் விட்டால். அவ்வளவுதான். மேல் வகுப்புக்குப் போனதும் இதையே நீரியல் திறன் என்பார்கள். தூய தண்ணீருக்கு அது பூஜ்யம், எதையாவது கரைத்தால் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும், தண்ணீர் எப்போதும் மேலிருந்து கீழான எண்ணை நோக்கிப் போகும். பள்ளத்தை நோக்கி ஓடுகிற மாதிரி என்று வைத்துக்கொண்டால் கணக்கு தப்பாது.

இப்போது இந்தக் கட்டுரையிலேயே நான் மிகவும் விரும்பும் சோதனை. பூங்காக்களில் ஓரம் கட்ட வைத்திருக்கும் ரியோ செடியைப் பார்த்திருப்பீர்கள், வாள் மாதிரி இலை, மேலே பச்சை, அடியில் ஊதா. ஓர் இலையைச் சாய்வாகக் கிழித்தால் அடிப்பக்கத்து ஊதாத் தோல் விளிம்பில் நீட்டிக்கொண்டு வரும். அதில் ஒரு துண்டைத் தண்ணீர்ச் சொட்டில் வைத்து மூடிப் பாருங்கள், ஒவ்வொரு செல்லும் விளிம்பு வரை ஊதா நிரம்பி இருக்கும். 100 மில்லி தண்ணீரில் ஒரு தேக்கரண்டி, சுமார் 5 கிராம் உப்பைக் கரைத்து, கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் ஒரு சொட்டு விடுங்கள், எதிர் ஓரத்தில் டிஷ்யூ காகிதத்தை வைத்து உறிஞ்சினால் உப்புத்தண்ணீர் உள்ளே இழுபடும். கண்ணை எடுக்காமல் பாருங்கள். சில நிமிடங்களில் ஊதா மெல்ல மூலைகளை விட்டு விலகும், சுருங்கும், கடைசியில் பெட்டிக்குள் உருட்டிப் போட்ட துணி மாதிரி ஒதுங்கி நிற்கும். சுவர் அசையவே இல்லை. இதுதான் பிளாஸ்மா சிதைவு. பெயர் பயமுறுத்தினாலும் செல் இன்னும் சாகவில்லை. அதே முறையில் நல்ல தண்ணீரை உள்ளே இழுத்தால் ஊதா மறுபடி பரவி விளிம்பைத் தொடும், ரொம்ப நேரம் உப்பில் விட்டுவைத்தால் மட்டும் திரும்பாது.

சுருங்கிய ஊதாவுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் என்ன இருக்கிறது? இது தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி, பலர் "வெற்றிடம்" என்று எழுதுவார்கள். அங்கே இருப்பது நீங்கள் விட்ட உப்புத்தண்ணீர். சாக்கு எதையும் தடுக்காது என்று பார்த்தோமே.

நல்ல தண்ணீரில் செல் வெடிக்காதா என்றால், சுவர் விடாது. உள்ளே வரும் தண்ணீர் சவ்வைச் சுவரோடு அழுத்தும், சுவர் திருப்பி அழுத்தும், அந்த விறைப்பழுத்தம்தான் கீரையின் நிமிர்வு. இரு சக்கர வண்டியின் டயரில் 30 பிஎஸ்ஐ காற்று அடிக்கிறோம், நன்றாகத் தண்ணீர் குடித்த தாவரச் செல்லில் பெரும்பாலும் அதைவிட இரண்டு மூன்று மடங்கு அழுத்தம் இருக்கும். மரக்கட்டை இல்லாத ஒரு வெண்டை நாற்று நிமிர்ந்து நிற்பது இந்தக் காற்றடித்த டயர்களின் அடுக்கால்தான். காற்றுப் போனால் வாடல்.

யூரியா விஷயம் இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். வேருக்கு வெளியே உரம் கரைந்து அடர்த்தி கூடினால், உள்ளே வர வேண்டிய தண்ணீர் வெளியே போகிறது. தெரியாமல் அதிகம் போட்டுவிட்டால், தொட்டியின் அடித்துளை வழியாக நன்றாக வடியும்படி பல தடவை தண்ணீர் ஊற்றி உரத்தைக் கழுவி வெளியேற்றுவதுதான் முதலுதவி.

செலவு செய்து நகர்த்துவது

சவ்வூடு பரவலுக்குச் செல் காசு கொடுப்பதில்லை. ஆனால் மண்ணில் சொற்பமாக இருக்கும் நைட்ரேட்டையும் பொட்டாசியத்தையும் ஏற்கனவே நிறைய இருக்கும் வேர்ச் செல்லுக்குள் கொண்டுபோக வேண்டுமானால் மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றுகிற மாதிரி, ஆற்றல் வேண்டும். தாவரச் செல்சவ்வில் உள்ள பம்புகள் ஏடிபியைச் செலவழித்து ஹைட்ரஜன் அயனிகளை, அதாவது மின்னூட்டம் உள்ள ஹைட்ரஜனை, வெளியே தள்ளுகின்றன. வெளியே குவிந்த அயனிகள் திரும்பி உள்ளே வரத் துடிக்கும்போது, சில வாசல்கள் "வா, ஆனால் ஒரு நைட்ரேட்டையும் கூட்டிக்கொண்டு வா" என்று திறக்கின்றன.

நம் குடலிலும் இதே தந்திரம் சோடியத்தை வைத்து நடக்கிறது. சோடியமும் குளுக்கோசும் சேர்ந்துதான் ஒரு வாசலில் நுழையும், இரண்டும் உள்ளே போனால் தண்ணீர் பின்னால் போகும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓஆர்எஸ் கரைசலில் சர்க்கரை இருப்பது சுவைக்காக இல்லை. 2002-இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற கலவையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோசும் 2.6 கிராம் உப்பும், கூடப் பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் இருக்கின்றன. 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்கான் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மஹலானபிஸ் காலரா நோயாளிகளுக்கு இப்படியொரு கரைசலை வாய்வழி கொடுத்து ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். சவ்வில் உள்ள ஒரு வாசலைப் புரிந்துகொண்டதன் பலன் அது.

சரி, மிளகாய்ச் செடி. மாடியில் வைத்திருந்த செடி ஒரு மழைக்காலத்தில் வாடி நின்றது, வாடியிருக்கிறதே என்று நான் தினமும் தண்ணீர் விட்டேன், அது இன்னும் வாடிச் செத்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர் கருத்து அழுகியிருந்தது. மண்ணின் இடுக்குகளில் தண்ணீர் நிறைந்ததும் வேருக்கு ஆக்சிஜன் போகவில்லை, ஏடிபி தீர்ந்தது, பம்புகள் நின்றன, அக்வாபோரின் குழாய்களும் மூடிக்கொண்டன. தண்ணீருக்குள் நின்றபடியே தாகத்தில் செத்தது அந்தச் செடி. புதிதாகத் தொட்டி வைப்பவர்களுக்கு என் ஒரே வேண்டுகோள்: வாடினால் உடனே தண்ணீர் எடுக்க ஓடாதீர்கள், விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பிரச்சினை தண்ணீர் குறைவு இல்லை.

இதற்கு நேரெதிர் பிச்சாவரம். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் உப்புத்தண்ணீரிலேயே காடு நிற்கிறது. கடல் தண்ணீரிலிருந்து தண்ணீர் எடுக்க வேண்டுமானால் வேருக்குள் நீரியல் திறன் கடலைவிடக் கீழே இருக்க வேண்டும், அந்த மரங்கள் அதைச் செய்கின்றன. விழுதுக் கால்களோடு நிற்கும் ரைசோபோரா வகைகள் உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே வடிகட்டி நிறுத்திவிடும். அவிசீனியா வகைகளோ உள்ளே வந்த உப்பை இலைச் சுரப்பிகள் வழியாக வெளியே துப்பும். படகில் போனால் அவிசீனியா இலையின் மேல் விரலைத் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும்.

தண்ணீர் மேலே ஏறுவது

காசித்தும்பையின் தண்டு கண்ணாடி மாதிரி இருக்கும், அதனால் இந்த வேலைக்கு அதுதான் ஏற்றது. ஒரு கிளையை வெட்டி, சிவப்பு மை கலந்த தண்ணீரில் நிறுத்தி வெயில் படும் ஜன்னலோரம் வையுங்கள். வெட்டும்போது தண்ணீருக்குள் வைத்து வெட்டுங்கள், காரணம் பின்னால். ஓரிரு மணி நேரத்தில் தண்டுக்குள் சிவப்புக் கோடுகள் ஏறுவது வெளியிலிருந்தே தெரியும். குறுக்கே வெட்டிப் பாருங்கள், தண்டு முழுக்கச் சிவக்கவில்லை, வட்டமாகச் சில புள்ளிகள் மட்டும் சிவந்திருக்கும். அவைதான் சைலம் இருக்கும் குழாய்க் கற்றைகள். தண்ணீர் போகும் சைலக் குழாய்கள் செத்த செல்கள், உள்ளே சவ்வும் இல்லை, உட்கருவும் இல்லை, லிக்னின் என்ற கெட்டிப் பொருள் பூசிய வெறும் சுவர்கள். சர்க்கரையைக் கொண்டுபோகும் புளோயம் அப்படியில்லை, உயிருள்ளது, அங்கே மறுபடி "சர்க்கரையை ஏற்று, தண்ணீர் பின்னால் வரும், அழுத்தம் தள்ளும்" என்ற பழைய கதைதான்.

சவ்வே இல்லாத குழாயில் தண்ணீரை எது ஏற்றுகிறது? கிணறு உள்ளவர்களுக்கு இது நன்றாகப் புரியும். கிணற்று மேட்டில் வைத்த மோட்டார் ஏழெட்டு மீட்டருக்குக் கீழே போய்விட்ட தண்ணீரை இழுக்காது. எவ்வளவு நல்ல மோட்டாராக இருந்தாலும், காற்றழுத்தத்தால் தண்ணீரை ஏற்றக்கூடிய உச்ச உயரமே சுமார் 10 மீட்டர்தான், அதனால்தான் மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்குகிறோம், நீர்மூழ்கி மோட்டார் போடுகிறோம். ஆனால் 20 மீட்டர் தென்னை மோட்டாரே இல்லாமல் உச்சிக்குத் தண்ணீர் கொண்டுபோய் இளநீரும் கட்டுகிறது. கலிபோர்னியாவில் ஹைப்பீரியன் என்று பெயரிட்ட ரெட்வுட் மரம் 115 மீட்டருக்கும் மேல்.

விடை 1894-இல் டப்ளினில் டிக்சன், ஜோலி இருவரிடமிருந்து வந்தது. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்பவை. மெல்லிய குழாய்க்குள் வேரிலிருந்து இலை வரை அறுபடாத ஒரு தண்ணீர்க் கயிறு இருக்கிறது. இலையில் ஈரச் சுவர்களிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது கயிற்றின் மேல்நுனி இழுபடுகிறது, இழுப்பு அடி வரை போகிறது. காற்றின் ஈரப்பதம் பாதியாக இருக்கும்போது அதன் நீரியல் திறன், மெகாபாஸ்கல் என்ற அழுத்த அலகில், மைனஸ் 90-க்கும் கீழே, இலையில் மைனஸ் 1 அளவில், ஈரமண்ணில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில். இத்தனை பெரிய பள்ளம் இருக்கும்போது தண்ணீர் மேல்நோக்கி "இறங்குகிறது" என்றே சொல்லலாம். வெயில் செய்கிற வேலை இது, செடிக்குச் செலவில்லை.

மோட்டார் குழாயில் காற்றுப் பிடித்தால் தண்ணீர் ஏறாது இல்லையா, இங்கேயும் அப்படியே. குழாயில் ஒரு காற்றுக்குமிழி புகுந்தால் அந்த இடத்தில் கயிறு அறுந்துபோகும். தண்டைத் தண்ணீருக்குள் வைத்து வெட்டச் சொன்னது அதனால்தான். ஜாடியில் வைக்கும் ரோஜாவுக்கும் இதைச் செய்து பாருங்கள், கூடுதலாக நாள் தாங்கும்.

வேரும் கொஞ்சம் தள்ளும். விடியற்காலையில் புல் நுனியில், நெல் இலை நுனியில் வரிசையாக நிற்கும் துளிகளில் பல பனி இல்லை. இரவில் வேர் உள்ளே ஏற்றிய உப்பின் பின்னால் வந்த தண்ணீர், போக வழியில்லாமல் நுனியில் கசிந்து நிற்கிறது. ஆனால் இந்தத் தள்ளல் ஒரு மரத்தின் உச்சிக்குப் போதாது.

இலையின் வாய்

ரியோத் தோலை எடுத்தீர்களே, அதையே மறுபடி பாருங்கள். ஊதாச் செல்களுக்கு நடுவே பச்சையாக இரண்டு அவரை விதை எதிரெதிரே வைத்த மாதிரி ஆங்காங்கே தெரியும். அவை காப்புச் செல்கள், நடுவில் உள்ள பிளவு இலைத்துளை. மற்ற இலைகளுக்கு, அடிப்பக்கத்தில் நிறமில்லாத நகப்பூச்சைத் தடவி, காய்ந்ததும் செல்லோடேப்பால் உரித்து ஸ்லைடில் ஒட்டினால் அச்சு கிடைக்கும். மணி பிளான்ட் இலையில் நன்றாக வரும்.

செடி உறிஞ்சும் தண்ணீரில் 97 விழுக்காட்டுக்கும் மேல் இந்த வாய்கள் வழியாக ஆவியாகப் போய்விடுகிறது. அவற்றைத் திறக்காமல் இருக்கவும் முடியாது, கார்பன் டை ஆக்சைடு உள்ளே வர வேறு வழியில்லை. அதனால் திறப்பதையும் மூடுவதையும் மணிக்கணக்குப் பார்த்துச் செய்கிறது. காலை வெளிச்சம், முக்கியமாக அதன் நீல நிறம், பட்டதும் காப்புச் செல்லின் பம்புகள் ஓடி ஹைட்ரஜன் அயனிகளை வெளியேற்ற, பொட்டாசியம் உள்ளே வரும், தண்ணீர் பின்னால் வரும், செல் விறைக்கும், வளையும், துளை திறக்கும். மண் காய்ந்தால் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் பெருகி, பொட்டாசியத்தை வெளியேற்ற வைக்கும், தண்ணீரும் போகும், துளை மூடும். கற்றாழையும் சப்பாத்திக்கள்ளியும் இந்தக் கடையை இரவில் திறந்து பகலில் மூடுகின்றன.

நாற்றுப் பிடுங்கி நடும்போது மாலையில் நடச் சொல்வதற்கும், இரண்டு நாள் நிழல் கட்டச் சொல்வதற்கும் காரணம் இதுதான். பிடுங்கியதில் வேர்த்தூவிகள் அறுந்திருக்கும், வரவு குறைந்த நேரத்தில் செலவையும் குறைக்க வேண்டும்.

செடி பதில் சொல்வது

ஒரு செருப்பு அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை போட்டு, முளைவிட்ட பச்சைப்பயறை உள்ளே வைத்து மூடுங்கள். மூன்று நான்கு நாளில் எல்லாம் ஓட்டையைப் பார்த்து வளைந்திருக்கும். சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிசும் 1880-இல் வெளியிட்ட சோதனைகளில் புல் முளையின் நுனிக்குத் தொப்பி போட்டு மறைத்தார்கள், வளையவில்லை. வெளிச்சத்தை நுனி உணர்கிறது, வளைவதோ கீழே. நடுவில் செய்தி கொண்டுபோவது ஆக்சின் என்ற ஹார்மோன், 1920-களின் பிற்பகுதியில் டச்சுத் தாவரவியலாளர் வெண்ட் அதை நுனியிலிருந்து ஜெல்லி மாதிரியான ஒரு அகார் கட்டியில் இறக்கிக் காட்டினார். ஆக்சின் நிழல் பக்கம் சேர்கிறது. அங்கே பம்புகளை முடுக்கிச் சுவரை அமிலமாக்குகிறது, அமிலத்தில் சுவர் இளகுகிறது, உள்ளே ஏற்கனவே இருக்கும் விறைப்பழுத்தம் இளகிய சுவரை நீட்டிவிடுகிறது. நிழல் பக்கம் நீண்டால் செடி வெளிச்சப் பக்கம் சாயும்தானே.

தொட்டாற்சிணுங்கியில் இதே கதை நொடிக் கணக்கில் நடக்கிறது. இலைக்காம்பின் அடியில் லேசாகப் புடைத்த ஒரு மூட்டு இருக்கும், அதைப்பு என்று பெயர். தொட்டதும் ஒரு மின் அலை அங்கே ஓடுகிறது, மூட்டின் ஒரு பக்கத்துச் செல்கள் பொட்டாசியத்தையும் குளோரைடையும் கொட்டுகின்றன, தண்ணீரும் வெளியேறி அந்தப் பக்கம் தொய்கிறது, இலை விழுகிறது. நிமிர்வதற்குக் கால் மணி நேரம் போல ஆகும், ஏனென்றால் கொட்டிய உப்பைக் காசு கொடுத்துப் பம்ப் செய்து திரும்ப ஏற்ற வேண்டும். கடிகாரம் வைத்து இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜகதீஷ் சந்திர போஸ் இந்தச் செடியின் மின் துடிப்புகளை அளக்க வருடக்கணக்கில் உழைத்தார், 1917-இல் கொல்கத்தாவில் அவர் தொடங்கிய ஆய்வு நிறுவனம் இன்றும் இருக்கிறது. சாறு ஏறுவதும் செல்களின் துடிப்பால்தான் என்று அவர் சொன்னது மட்டும் நிற்கவில்லை, அந்த இடத்தில் தண்ணீர்க் கயிறுதான் நின்றது.

கடைசியாக ஒன்று, இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். ஊரில் எங்காவது சாலையோரம் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருக்கும். மாலை ஐந்தரைக்குப் போய், கைக்கு எட்டும் கிளையில் ஓர் இலையைத் தேர்ந்தெடுத்து நூல் கட்டி அடையாளம் வையுங்கள். சிற்றிலைகளின் அடியில் உள்ள சின்ன மூட்டுகளைப் பாருங்கள், பொட்டாசியம் மூட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்க்கொண்டிருக்கும் நேரம் அது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இலையின் நிலையை வரைந்து நேரத்தை எழுதுங்கள். ஒரு வாரம் செய்யுங்கள், நடுவில் மேகம் மூடிய நாள் வந்தால் அன்றைக்கு மதியமே போய்விடுங்கள்.